ஐடிலில் குலுங்கிய லாரி: ஆறு இன்ஜெக்டரையும் கழற்றிய பிறகு கிடைத்த விடை

லாரி ஓடும்போது ஒரு குறையும் இல்லை. லோடோடு மேடு ஏறுகிறது, இழுவை குறையவில்லை, கரும்புகையும் இல்லை. நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால்தான் ஆரம்பிக்கும். சைடு மிரர் இரண்டும் நடுங்கி, பின்னால் நிற்பது ஒரு வண்டியா இரண்டு வண்டியா என்று தெரியாது. கியர் லீவர் தன்பாட்டுக்கு ஆடும். கேபினுக்குள் எங்கேயோ ஒரு பிளாஸ்டிக் மூடி கடகடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். ஆர்.பி.எம். முள் 600-இல் நிற்க வேண்டியது, 560-க்கும் 650-க்கும் நடுவே ஏறி இறங்கி மூச்சு வாங்கும்.

ஆறு சிலிண்டர், காமன் ரெயில் டீசல்: ஹை பிரஷர் பம்ப் அமுக்கும் டீசல் ரெயில் என்ற ஒரே பொதுக் குழாயில் நிற்கும், அங்கிருந்து சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் இன்ஜெக்டர் அதை உள்ளே பீய்ச்சும். இந்தக் குலுக்கலை நிறுத்த எனக்கு ஏழு வாரம் ஆனது. அதில் ஐந்து வாரம் தப்பான இடத்தில் தேடினேன். செலவு ஒரு பக்கம் இருக்கட்டும், தேடும்போதே இல்லாத இன்னொரு கோளாறையும் உண்டாக்கி வைத்துவிட்டேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது. இதே தொல்லையோடு யாராவது ஸ்பேனரும் கையுமாக நின்றால், முதல் அரைமணி நேரம் எதையும் கழற்றாமல் இருக்க இது உதவட்டும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

ஆரம்பம் டீசல் ஃபில்டர் மாற்றியதிலிருந்து. சேஸிஸில் இருக்கும், டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டர் ஃபில்டரையும், இன்ஜின் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது ஃபில்டரையும் நானே மாற்றினேன். ராத்திரி நேரம், கைவிளக்கு வெளிச்சம், மறுநாள் கிளம்ப வேண்டிய அவசரம். மாற்றியதும் வண்டி நன்றாகத்தான் ஓடியது. பத்து நாள் கழித்து ஒரு காலையில் செல்ஃப் அடித்தால் வழக்கத்தைவிட அதிக நேரம் சுற்றியது. அதற்கு அடுத்த வாரம் ஐடிலில் லேசான நடுக்கம். பத்து நாள் இடைவெளி விழுந்துவிட்டதால் இதையும் அதையும் நான் முடிச்சுப் போடவே இல்லை. இப்போது யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: கடைசியாக இந்த வண்டியில் யார் கை எதைத் தொட்டது? நேற்றைய வேலை மட்டும் இல்லை, ஒரு மாசத்துக்கு முந்தைய வேலையும் கணக்கு.

பட்டறைக்கு எடுத்துப்போனேன். ஸ்கேனர் போட்டார்கள், ஃபால்ட் கோட் எதுவும் இல்லை. கோட் இல்லையென்றால் கோளாறு இல்லை என்று அர்த்தமில்லை, ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியாது. ஐடிலில் ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று இன்ஜினின் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டே இருக்கும். எது சோர்ந்திருக்கிறதோ அதற்குக் கொஞ்சம் டீசலைக் கூட்டும், எது துள்ளுகிறதோ அதற்குக் குறைக்கும். ரெயில் பிரஷர் இறங்கினால் தானே ஏற்றிவிடும். இப்படிச் சமாளிக்க முடிகிறவரை கோட் போடாது. சமாளிக்க முடியாத எல்லைக்குப் போனால்தான் விளக்கு எரியும். அந்த எல்லைக்கு முன்னாலேயே வண்டி குலுங்கத் தொடங்கிவிடும்.

சரி, கோட் இல்லை, ஆனால் குலுங்குகிறது, வண்டி நிறைய ஓடியிருக்கிறது, அப்படியென்றால் இன்ஜெக்டர்தான் என்று முடிவாகிவிட்டது. நானும் தலையாட்டினேன். இன்ஜெக்டர் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது, பெரிய செலவு என்றால் பெரிய தீர்வாக இருக்கும் என்று மனசு நினைத்துக்கொள்கிறது. ஆறையும் கழற்றி சோதனைக்கு அனுப்பினோம். நான்கு சரி, இரண்டு எல்லைக்கோட்டில் என்று வந்தது. இரண்டைப் புதிதாக வாங்கிப் போட்டோம்.

குலுக்கல் அப்படியே இருந்தது. கூடவே, முன்னால் இல்லாத ஒரு 'டக் டக்' சத்தமும் சேர்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் நான் செய்ததெல்லாம் ஊகம். சென்சார் துடைத்தேன், இன்டேக் பைப் கிளாம்புகளை முறுக்கினேன், பேட்டரி டெர்மினலைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன். செய்யக் கூடாத ஒன்றையும் செய்யப் போனேன். முன்பு நான் வைத்திருந்த பழைய வண்டியில் இன்லைன் பம்ப், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக டீசலை அனுப்பும் பழைய ரகம். அதில் எந்த சிலிண்டர் மிஸ்ஸிங் என்று பார்க்க ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டையும் அரைச்சுற்று தளர்த்திவிட்டுக் காதைக் கொடுப்போம். எதைத் தளர்த்தினால் சத்தம் மாறவில்லையோ அதுதான் நோயாளி. அதே பழக்கத்தில் இதிலும் ஸ்பேனரைக் கொண்டுபோனேன். நல்லவேளை, பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துவிட்டார்.

இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். காமன் ரெயில் இன்ஜின் ஓடும்போது அந்த நட்டைத் தொடவே கூடாது. ஐடிலிலேயே ரெயிலில் 300 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேல் நிற்கும், லோடில் 1,500 பாரைத் தாண்டும். தலைமுடி கனத்தில் பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் ஊசி குத்தின புள்ளி மாதிரிதான் இருக்கும், வலிகூட முதலில் பெரிதாகத் தெரியாது, உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். அப்படி ஆனால் கட்டுப்போட்டுவிட்டு வேலையைத் தொடராமல் நேராக ஆஸ்பத்திரி, அவசர சிகிச்சை. கசிவு எங்கே என்று தேடுவதாக இருந்தாலும் விரலால் தடவாமல் ஓர் அட்டையைக் காட்டிப் பார்க்க வேண்டும். ஓடும்போது இன்ஜெக்டர் வயரைப் பிடுங்குவதும் வேண்டாம். பேட்டரி 24 வோல்ட்தானே என்று நினைப்போம், ஆனால் கம்ப்யூட்டர் அதை உயர்த்தித்தான் இன்ஜெக்டருக்கு அனுப்புகிறது.

ஆறாவது வாரம் ஒரு பெரியவர் பார்த்தார். டீசல் பம்ப் வேலையிலேயே தலை நரைத்தவர். வந்ததும் பானெட்டைத் திறப்பார், கேபினைத் தூக்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பாதி தண்ணீர் இருந்த ஒரு பாட்டிலைக் கேபின் தரையில் வைத்துவிட்டு, இன்ஜினை ஐடிலில் விடச் சொல்லி, ஐந்து நிமிஷம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது ஒரு சிலிண்டர் நோய் இல்ல."

"எப்படிண்ணே சொல்றீங்க?"

"தாளம் இல்லையே. வருது, போவுது, திரும்ப வருது. ஒரு சிலிண்டர் சரியில்லன்னா நொண்டுறதும் ஒரே கணக்கா நொண்டும்."

அவர் சொன்ன கணக்கு இது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். 600 ஆர்.பி.எம். என்றால் நொடிக்குப் பத்துச் சுற்று, ஒரு சிலிண்டருக்கு நொடிக்கு ஐந்து வெடிப்பு, ஆறுக்கும் சேர்த்து முப்பது. முப்பதும் ஒரே சமமாக வந்தால் அது நமக்கு ஒரு சீரான உறுமலாகத்தான் கேட்கும். ஒரு சிலிண்டர் மட்டும் ஒழுங்காக வெடிக்கவில்லையென்றால் நொடிக்கு ஐந்து தடவை பள்ளம் விழும், மாறாமல், விடாமல். ஒரு நொடிக்குள் ஐந்து விரலையும் வரிசையாக மேசையில் தட்டினால் என்ன வேகமோ அந்த வேகம். பாட்டில் தண்ணீரில் அது ஒரே மாதிரி அலையாக நிற்கும். என் வண்டியில் தண்ணீர் இரண்டு மூன்று நொடி கலங்கும், அடங்கும், திரும்பக் கலங்கும்.

சீரான நொண்டல் என்றால் ஒரு சிலிண்டருக்கு மட்டும் சொந்தமான பொருளில் தேட வேண்டும்: அந்த இன்ஜெக்டர், அதன் வயர், அதன் காப்பர் வாஷர், அந்த சிலிண்டரின் வால்வு, கம்ப்ரஷன். சீரில்லாமல் ஏறி இறங்கினால் ஆறுக்கும் பொதுவான பொருளில் தேட வேண்டும்: டீசல் வரும் வழி, ரெயில் பிரஷர், அதைக் கட்டுப்படுத்தும் வால்வு, காற்று வரும் வழி, எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடும் இ.ஜி.ஆர்., ஏதாவது ஒரு சென்சார். இந்த ஒரு பிரிவை முதல் நாளே பார்த்திருந்தால் என் இன்ஜெக்டர்கள் கழன்றே இருக்காது. ஆறு இன்ஜெக்டரும் ஒரே நேரத்தில் சேர்ந்து சீரில்லாமல் நடந்துகொள்வது அபூர்வம்.

பாட்டிலை மட்டும் நம்பி அவர் முடிவு செய்யவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஸ்கேனரில் சிலிண்டர் கட்-அவுட் சோதனை போட்டார். ஐடிலில் ஒவ்வொரு இன்ஜெக்டராக கம்ப்யூட்டரே நிறுத்தி நிறுத்திக் காட்டும். நல்ல சிலிண்டரை நிறுத்தினால் இன்ஜின் தடுமாறும், கெட்டதை நிறுத்தினால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆறிலுமே நிறுத்தினால் தடுமாறியது. அப்புறம் மறுநாள் காலையில், இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, முதல் இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒவ்வொரு போர்ட்டிலும் டெம்பரேச்சர் கன் பிடித்துப் பார்த்தார். வெடிக்காத சிலிண்டர் சூடேறாமல் பின்தங்கும். ஆறும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறின, ஒன்று மட்டும் சில டிகிரி குறைவு. அந்தச் சில டிகிரியை நான் அப்போது கண்டுகொள்ளவில்லை. அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டார்.

அடுத்து ரெயில் பிரஷர். ஸ்கேனரில் இரண்டு எண்ணைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், கம்ப்யூட்டர் கேட்கும் பிரஷர் ஒன்று, உண்மையில் இருக்கும் பிரஷர் ஒன்று. கேட்டது 350 பார். இருந்தது 300-க்கு இறங்கி, 400-ஐத் தொட்டு, திரும்ப இறங்கியது. பாட்டில் தண்ணீர் கலங்குவதும் இதுவும் ஒரே நேரத்தில். முதல் பட்டறையிலும் இதே ஸ்கேனர் வகைதான், கோட் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டோம். ஸ்கேனரில் கோட் பக்கம் ஒரு மூலைதான், ஓடும்போது மாறிக்கொண்டே இருக்கும் எண்கள்தான் உண்மையான விஷயம்.

பிரஷர் ஆடுகிறது என்றால் ஹை பிரஷர் பம்ப் போய்விட்டதோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் நேராக டேங்க் பக்கம் போய்விட்டு, ஒரு கேள்வி கேட்டார். "டேங்க் நெறய இருந்தா ஆட்டம் கம்மியா இருக்குமா?"

யோசித்துப் பார்த்தால், ஆமாம். நிரப்பின அன்றைக்கு வண்டி நல்ல பிள்ளையாக இருக்கும், கால் டேங்க் வரும்போது மோசம். மேட்டில் முன்பக்கம் உயர்ந்து நிற்கிற மாதிரி இரவு நிறுத்தினால் காலையில் செல்ஃப் அதிகம் இழுக்கும், சமதளத்தில் நிறுத்தினால் பரவாயில்லை. இதெல்லாம் தினமும் என் கண் முன்னால் நடந்ததுதான், யாரும் கேட்காததால் நானும் சொல்லவில்லை, எனக்கே கேட்டுக்கொள்ளவும் தோன்றவில்லை. உங்கள் வண்டியைப் பட்டறைக்கு எடுத்துப்போவதற்கு முன்னால் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: குளிர்ந்திருக்கும்போதா சூட்டிலா, டேங்க் எவ்வளவு, ஏ.சி. போட்டால் கூடுகிறதா, ராத்திரி எப்படி நின்றது. எந்த மெக்கானிக்குக்கும் இதைவிடப் பெரிய உதவி செய்ய முடியாது.

டேங்க் குறையக் குறைய, டீசலை இன்னும் ஆழத்திலிருந்து உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் பக்கத்தில் எங்காவது மயிரிழை சந்து இருந்தால் டீசலுக்குப் பதில் காற்றை இழுத்துக்கொள்ளும். ஏர் எடுப்பது என்று சொல்வோமே, அதுதான். இதில் ஏமாற்றுவது என்னவென்றால், வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது. டேங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சி அனுப்பும் ஃபீட் பம்ப்புக்கு அப்புறம் உள்ள லைனில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வரும், ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். பம்ப்புக்கு முன்னால் இருந்தால் காற்று உள்ளே போகும், வெளியே காய்ந்தே இருக்கும். நான் சேஸிஸுக்கு அடியில் படுத்து எத்தனையோ தடவை பார்த்தேன், எல்லாம் காய்ந்திருந்தது, அதனால் லைன் நல்லது என்று முடிவுகட்டிவிட்டேன்.

காற்று அமுங்கும், டீசல் அமுங்காது. குமிழோடு வரும் டீசலை ஹை பிரஷர் பம்ப் அமுக்கும்போது பாதி அடி காற்றை நசுக்குவதிலேயே போய்விடும், பிரஷர் இறங்கும். கம்ப்யூட்டர் பதறிப்போய் வால்வை இன்னும் திறக்கும். அதற்குள் குமிழ் தாண்டிப்போய் முழு டீசல் வந்துவிடும், பிரஷர் எகிறும். இதுதான் அந்த மூச்சு வாங்கல். ஐடிலில் மட்டும் தெரிவதற்குக் காரணம், அப்போது ஒரு வெடிப்புக்குப் போகும் டீசல் ரொம்பச் சொற்பம், என் ஸ்கேனரில் 10 மில்லிகிராம் சுற்றித்தான் காட்டியது. அதில் ஒரு மில்லிகிராம் முன்னே பின்னே போனாலும் பத்தில் ஒரு பங்கு. லோடில் பல மடங்கு போகும், ஃப்ளைவீலும் வேகத்தில் சுற்றும், சின்ன வித்தியாசங்கள் கரைந்துவிடும். ஆனால் ஓட்டத்தில் தெரியவில்லை என்பதற்காக விட்டுவிடக் கூடாது. ஹை பிரஷர் பம்ப்புக்கு மசகு எண்ணெய் டீசல்தான். காற்றோடு நாள் கணக்கில் ஓடினால் பம்ப் உள்ளே தேயும், தேய்ந்த இரும்புத் தூள் ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போகும், அதற்கப்புறம் ஆகும் செலவை நினைத்தே பார்க்க வேண்டாம்.

அடுத்த வேலைக்கு வேண்டியிருந்தது ஒரு முழ நீளம் ட்ரான்ஸ்பரன்ட் ஹோஸும் நான்கு கிளாம்ப்பும் மட்டும். டீசல் தாங்குகிற ரகமாக இருக்க வேண்டும், கிடைத்த தண்ணீர் டியூபைப் போட்டால் மெத்துப்போய் அதுவே காற்றை இழுக்கும். முதலில் ஃபீட் பம்ப்புக்கு முன்னால், செபரேட்டரிலிருந்து வரும் லைனில் மாட்டினோம். ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு, பின்பக்கம் விளக்கைப் பிடித்தோம். கடுகு கடுகாகக் குமிழ்கள் வரிசையாக ஓடின, நடுநடுவே மொச்சைக்கொட்டை அளவில் ஒன்று. அந்தப் பெரிய குமிழ் தாண்டிய ஒரு நொடிக்குள் இன்ஜின் தடுமாறியது. ஏழு வாரமாகத் தேடிய திருடன் கண் முன்னால் போகிறான்.

அப்புறம் அதே ஹோஸை செபரேட்டருக்கு முன்னால், டேங்க் பக்க லைனில் மாட்டினோம். ஒரு குமிழ் இல்லை, டீசல் கண்ணாடி மாதிரி வந்தது. குமிழ் இல்லாத இடத்துக்கும் இருக்கிற இடத்துக்கும் நடுவில் இருந்தது செபரேட்டர் மட்டும். டேங்க் பக்கத்திலும் குமிழ் வந்திருந்தால் டேங்க்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயையோ லைனையோ சந்தேகப்பட வேண்டியிருக்கும். அப்போது சுத்தமான ஒரு கேனில் டீசல் எடுத்து, உறிஞ்சும் லைனையும், மிச்ச டீசல் திரும்பும் ரிட்டர்ன் லைனையும் அதில் விட்டு ஓட்டிப் பார்க்கலாம்; குலுக்கல் நின்றால் டேங்க்கிலிருந்து வரும் வழியில் கோளாறு. எனக்கு அது தேவைப்படவில்லை.

செபரேட்டர் ஃபில்டரின் அடியில் தண்ணீர் தேங்கும் கிண்ணம் இருக்கும். அது பழசு, ஃபில்டர் மாற்றும்போது கழற்றி, புது ஃபில்டரோடு வரும் புது ஓ-ரிங்கைப் போட்டுத் திரும்ப மாட்டுவது. கிண்ணத்தைக் கழற்றி ஓ-ரிங்கைக் கத்தி முனையால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தோம். ஓர் இடத்தில் ரப்பர் முறுக்கிக்கொண்டு பட்டையாகிவிட்டிருந்தது. பக்கத்திலேயே ஒரு சீவல், நகம் வெட்டினால் விழுமே அந்தத் துண்டு அளவு, முக்கால்வாசி அறுந்து காடியின் விளிம்பில் மடங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. உலர்ந்த ரப்பரை அப்படியே போட்டு, கிண்ணத்தை முறுக்கியதில் அது வழுக்காமல் மரையோடு சேர்ந்து திரும்பி நசுங்கியிருக்கிறது. போட்டது நான்தான், அந்த ராத்திரி. முதல் பத்து நாள் அந்தச் சீவல் சந்தை அடைத்துக்கொண்டு சமாளித்திருக்கிறது, சூடும் அதிர்வும் பட்டு மெல்ல விலகியிருக்கிறது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. ஓ-ரிங்கை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, புதுசு எடுத்துவரச் சொன்னார்.

காடியைத் துணியால் துடைத்து, பழைய ரப்பர் துணுக்கு எதுவும் இல்லை என்று நகத்தால் சுற்றிலும் தடவிப் பார்த்து, புது ஓ-ரிங்கில் சுத்தமான டீசலைத் தடவிப் போட்டோம். கையால் இறுகும்வரை முறுக்கி, அதற்குமேல் ஃபில்டரிலேயே அச்சடித்திருக்கும் அளவுக்கு. கைப்பம்ப்பை அடித்து, ஏர் ஸ்க்ரூவில் நுரை நின்று முழு டீசல் வரும்வரை விட்டு, மூடிவிட்டு, பம்ப் கல்லாகும்வரை அடித்தோம். செல்ஃபை அரை நிமிஷத்துக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல், நடுவே இரண்டு நிமிஷம் ஆறவிட்டு ஸ்டார்ட் செய்தோம். முதல் சில நிமிஷம் மிச்சமிருந்த குமிழ்கள் ஓடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கால் மணி நேரத்தில் ஹோஸ் தெளிந்தது. ரெயில் பிரஷர் 350-ஐ ஒட்டியே நின்றது, ஐந்து பத்து பார் வித்தியாசம்தான். முள்ளும் 600-இல் நின்றது.

பாட்டில் தண்ணீர் மட்டும் முழுசாக அடங்கவில்லை. இப்போது கலங்கி அடங்காமல், ஒரே மாதிரி சின்ன அலை. தாளத்தோடு. கூடவே அந்த 'டக் டக்'. பெரியவர் பாக்கெட்டிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து, டெம்பரேச்சர் குறைவாக இருந்த சிலிண்டரைக் காட்டினார், ஐந்தாவது.

"இன்ஜெக்டரை மாட்டுனப்ப கோட் அடிச்சாங்களா?"

இந்தப் பக்கத்தைத் தெரியாதவர்களுக்காக: இந்த வகை இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்காது. ஃபேக்டரியில் ஒவ்வொன்றையும் சோதித்து, எந்தப் பிரஷரில் எவ்வளவு கூடக் குறைய விடுகிறது என்பதை எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோடாக அதன் தலையிலேயே பொறித்துவிடுகிறார்கள். எந்த சிலிண்டரில் எந்தக் கோட் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னால்தான் அது அதற்குத் தகுந்த மாதிரி நேரத்தைக் கூட்டிக் குறைக்கும். எங்கள் இன்ஜெக்டர்கள் சோதனைக்குப் போனபோது யாரும் நம்பர் போட்டு அனுப்பவில்லை. புது இரண்டுக்கும் கோட் அடித்தது உண்மை. பழைய நான்கும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. கம்ப்யூட்டர் ஐந்தாவது சிலிண்டரில் இருப்பது வேறோர் இன்ஜெக்டர் என்று நினைத்துக்கொண்டு டீசலை அளந்துகொண்டிருந்தது.

ராக்கர் கவரைத் திறந்து, ஆறின் தலையையும் துடைத்து, ஒன்றிலிருந்து ஆறுவரை வரிசையாக செல்ஃபோனில் படம் எடுத்து, ஸ்கேனரில் ஒவ்வொன்றாக எழுதினோம். எட்டும் பி-யும், பூஜ்யமும் ஓ-வும் ஒன்றுபோல் தெரியும், இரண்டு பேர் சேர்ந்து ஒருவர் படிக்க ஒருவர் அடிப்பது நல்லது. எழுதி முடித்து ஸ்டார்ட் செய்ததும் சத்தம் மிருதுவாகிவிட்டது. அந்த நொண்டலை உருவாக்கியது தேய்மானம் இல்லை, எங்கள் கைதான். இன்ஜெக்டரைக் கழற்றினால் கழற்றும்போதே நம்பர் போட்டு வைக்க வேண்டும், அடியில் இருக்கும் காப்பர் வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும், பழசின்மேல் புதுசு உட்கார்ந்தால் நாசில் உயர்ந்து நிற்கும், வாயுவும் கசியும். வாஷர் எப்போதும் புதுசு.

என் கதை டீசல் லைனில் முடிந்தது என்பதற்காக எல்லாக் குலுக்கலும் ஏர்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆர்.பி.எம். முள் அசையாமல் நிற்கிறது, ஆனால் கேபின் மட்டும் ஆடுகிறது என்றால் இன்ஜினை விட்டுவிட்டு இன்ஜின் மவுண்ட், கேபின் மவுண்ட் ரப்பர்களைப் பாருங்கள். ரப்பர் வெடித்து இரும்போடு இரும்பு உட்கார்ந்துவிட்டால் நல்ல இன்ஜினின் சாதாரண அதிர்வே குலுக்கலாக வரும். கரும்புகையோடு சேர்ந்து குலுங்கினால் இ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே நிற்கலாம், எரிந்த புகை திரும்ப உள்ளே போய் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரே சிலிண்டர், சில நேரம் மட்டும் என்றால் வயர். ராக்கர் கவருக்கு அடியில் போகும் இன்ஜெக்டர் வயரின் தோல் உரசித் தேய்ந்திருக்கும் இடங்களைப் பார்க்க வேண்டும். கனரக வண்டியின் ஸ்கேனரில் எஸ்.பி.என். (கோளாறு எதில் என்று காட்டும் எண்) 651 முதல் 656 வரை வந்தால் அது ஒன்று முதல் ஆறு வரை உள்ள சிலிண்டர்களின் இன்ஜெக்டர் சர்க்யூட்டைக் குறிப்பது, உடனே இன்ஜெக்டர் வாங்கிவிடாமல் முதலில் வயரையும் கனெக்டரையும் பாருங்கள். 157 வந்தால் ரெயில் பிரஷர். சீரான நொண்டல் இருந்து, இன்ஜெக்டரும் வயரும் நல்லது என்று தெரிந்த பிறகுதான் டேப்பட் இடைவெளி, கம்ப்ரஷன் என்று உள்ளே போக வேண்டும். பெட்ரோல் இன்ஜின் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு, அங்கே ஸ்பார்க் பிளக், காயில், இன்டேக்கில் வேக்யூம் கசிவு என்றுதான் தொடங்கும். ஆனால் தாளம் இருக்கிறதா இல்லையா என்று முதலில் கேட்பது அதற்கும் பொருந்தும்.

எதைச் செய்தாலும் சக்கரத்துக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக், நியூட்ரல். ஐடிலில் வெகுநேரம் ஓட்டிப் பார்க்கிற வேலை இது, மூடின ஷெட்டுக்குள் செய்யாமல் திறந்த வெளியில் செய்யுங்கள்.

ஃபில்டர் மாற்றும் முறையை நான் மாற்றிக்கொண்டேன். பகல் வெளிச்சத்தில்தான். ஓ-ரிங்குக்கு டீசல் தடவாமல் எதையும் மாட்டுவதில்லை, கழற்றின பழைய ஓ-ரிங் கையில் வந்து சேர்ந்ததா என்று எண்ணிப் பார்க்காமல் புதுசைத் தொடுவதில்லை. இன்ஜின் பக்கத்து ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்புவதை அடியோடு நிறுத்திவிட்டேன். அதன் உள்பக்கத்தில் விழும் தூசி வடிகட்டப்படாமல் நேராக இன்ஜெக்டருக்குத்தான் போகும், கை வலித்தாலும் கைப்பம்ப்தான். முடித்ததும் ட்ரான்ஸ்பரன்ட் ஹோஸை ஒருமுறை மாட்டிக் கால் மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் பழைய லைனைப் போடுகிறேன்.

போன முறை மாற்றி மூன்று மாசம் ஆகிறது. வேண்டுமென்றே கால் டேங்க் வரை விட்டு, மூக்கு மேலே இருக்கும்படி மேட்டில் இரவு நிறுத்தி, காலையில் செல்ஃப் அடித்துப் பார்த்தேன். உடனே பிடித்தது. தரையில் வைத்த பாட்டிலில் தண்ணீரின் மேல் மெல்லிய பொடி அதிர்வு மட்டும் இருந்தது. அந்த ஓ-ரிங் இன்னும் டூல் பாக்ஸில் ஒரு சின்ன டப்பாவில் இருக்கிறது, ஃபில்டர் மாற்றக் கற்றுக்கொள்ள வரும் பையன்களுக்கு முதலில் அதைத்தான் கையில் கொடுக்கிறேன்.